அரை டாலரில் நடந்துபோனவள்

லவெர்ன் குபிசெக்கைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஏன் என்பது படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனாலும் அவன் செத்த மறுநாள் பத்திரிகையில் வந்த நான்கு வரி எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஓய்வுபெற்ற பால்பண்ணை லாரி ஓட்டுநர், நாணயம் சேகரிப்பவர்’ என்று போட்டிருந்தார்கள். நாணயம் சேகரிக்கிறவன் நான்தான். முடிவெட்டுகிறவன், எங்கள் ஊர் நாணய கிளப்பின் செயலாளர், பெயர் மைலோ வோண்ட்ரா. எனக்கு வருஷமும், எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் அந்தச் சின்ன எழுத்தும் சரியாக இருந்து, நாணயம் பதிக்கிற அட்டையில் ஓர் ஓட்டை நிரம்பினால் திருப்தி. லவெர்ன் அப்படியில்லை. அவன் பார்ப்பான். உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மணிக்கணக்காகப் பார்ப்பான்.

அது ஆரம்பித்த கதையே கேலிக்கூத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷம். லவெர்னுக்கு இருபத்திரண்டு வயது. பண்ணை பண்ணையாகப் போய் பாலாடைக் கேன்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேலை. பெட்ரோல் போட்ட இடத்தில் சில்லறையாக ஓர் அரை டாலர் கொடுத்தார்கள். நெப்ராஸ்காவில் அன்றைக்கு யார் பையில்தான் அது இல்லை? ஆனால் இவன் அதை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். லாரி ஷாப்கா என்கிற பண்ணைக்காரர் வீட்டுப் பள்ளத்தில் இறங்கியது. பதினோரு கேன் பாலாடை கவிழ்ந்து, ஷாப்காவின் பன்றிகள் அன்று கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டன. முதலாளி அவன் சம்பளத்தில் பிடித்தார். அந்த அரை டாலரை மட்டும் லவெர்ன் யாரிடமும் கொடுக்கவில்லை.

அதில் ஒரு பெண் நடந்துகொண்டிருப்பாள். சுதந்திர தேவி. நட்சத்திரமும் கோடும் போட்ட கொடியைத் தோளில் சால்வையாகப் போர்த்திக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டி, மற்றதில் இலைக்கொத்து அணைத்து, மலைக்கு மேலே பாதி தெரிகிற சூரியனை நோக்கிப் போவாள். பதினாறாம் வருஷத்திலிருந்து நாற்பத்தேழு வரை அடித்தார்கள். வருஷம், ஊர் என்று பிரித்தால் மொத்தம் அறுபத்தைந்து. அந்த அறுபத்தைந்தையும் லவெர்ன் கடைசிவரை புழக்கத்திலிருந்தே பிடித்தான். காசு கொடுத்துக் கடையில் வாங்கியது ஒன்றுகூட இல்லை.

"அவ பின்னங்காலப் பாருடா. குதிகால் தூக்கியிருக்கு. அடுத்த அடி வெக்கப்போறா. பாவாட காத்துல பின்னாடி போகுது பாரு. எவனோ ஒருத்தன் நெஜமாவே ஒரு பொம்பள நடக்கறதப் பாத்துட்டுதான் இதச் செதுக்கியிருக்கான்" என்பான்.

கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சூரியன் உதயமா அஸ்தமனமா என்று சண்டை வரும். "உதயந்தான். அஸ்தமனத்தப் பாத்து யாருடா இவ்ளோ வேகமா நடப்பா?" என்று லவெர்ன் முடித்துவைப்பான்.

அவனுக்கு முக்கியம் கட்டைவிரல். இலைக்கொத்தை அணைத்திருக்கும் கை, நாணயத்தின் நட்டநடுவில், மேடான இடத்தில் வருகிறது. அடிக்கும்போதே அங்கே வெள்ளி சரியாக ஏறாது. பத்தில் எட்டு நாணயத்தில் கை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வழவழப்புதான். அதிசயமாக ஒன்றில் அவள் கட்டைவிரல் பிரிந்து தெரியும். அதற்காக லவெர்ன் நாற்பத்தொன்றாம் வருஷத்து நாணயத்தை ஏழு முறை மாற்றினான். வங்கிக்காரப் பெண் இவன் வருவதைப் பார்த்தாலே, "கட்டவெரல் வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பாள். கிடைப்பதிலேயே கடினமானது இருபத்தொன்றாம் வருஷம். மூன்று ஊரில் அடித்த மூன்றும் அவனிடம் இருந்தன. டென்வரில் அடித்தது மாதாகோயில் காணிக்கைத் தட்டில் வந்தது. பிரார்த்தனை நடுவே இவன் தட்டைக் கையில் ஏந்தியபடி அசையாமல் நின்றுவிட்டான். பின்வரிசைக்காரர்கள் அவனுக்கு ஏதோ தெய்வ தரிசனம் என்று நினைத்தார்கள்.

அவன் மனைவி ஆர்லிஸுக்கு இதெல்லாம் ஆகாது. "அவ பதினாறுல பொறந்தவ, இடுப்பு இன்னும் அப்பிடியே இருக்கு. மூணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்பாள். "அவளப் பாக்கறதுல கால்வாசி என்னப் பாத்திருந்தா இந்தச் சமையக்கட்டுக்கு எப்பவோ பெயின்ட் அடிச்சிருப்பே."

"நீ அசையாம நில்லு, பாக்கறேன்" என்பான் லவெர்ன்.

கிளப் மாதம் இரண்டாவது செவ்வாய் தீயணைப்பு நிலைய மாடியில் கூடும். நாணயத்தை விளிம்பில்தான் பிடிக்கவேண்டும். குனிந்து பார்க்கும்போது வாயைத் திறக்கக்கூடாது, எச்சில் பட்டால் புள்ளி விழும். எந்தக் காரணத்துக்கும் துடைக்கக்கூடாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். லவெர்னுக்கு மட்டும் அது வேதம். ஒருமுறை ஃபாதர் யெலினெக் ஆசையாக ஒன்றை எடுத்து அங்கியில் பளபளவென்று தேய்த்துவிட்டார். லவெர்ன் எழுந்து நின்றான். "ஃபாதர், நீங்க மத்தவங்களுக்கு மன்னிப்புக் குடுக்கறவரு. ஆனா இதுக்கு மன்னிப்பு கெடையாது" என்றான். அவர் சிரித்தார். லவெர்ன் சிரிக்கவில்லை.

இனிமேல்தான் நான் வருகிறேன்.

அன்றெல்லாம் எல்லாரும் நீல அட்டையில்தான் நாணயங்களை அழுத்தி வைப்போம். அட்டையில் ஒரு பக்கம்தான் தெரியும். பின்பக்கம் பாறைமேல் சிறகு விரிக்கிற கழுகு, பாறை இடுக்கில் முளைத்த பைன் கன்று, எல்லாம் அட்டைக்குள் புதைந்துபோகும். லவெர்னுக்கு அது பெரிய குறை. எழுபத்திரண்டில் ஒமாஹா கண்காட்சிக்குப் போனபோது நான் புதிதாக ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடிபோலத் தெளிவான, மெத்தென்ற பிளாஸ்டிக் தாள். தாளுக்கு இருபது பை. இரண்டு பக்கமும் தெரியும். லவெர்னின் பிறந்தநாளுக்கு என்று நான்கு தாள் வாங்கிவந்தேன்.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அன்று மாலையே அறுபத்தைந்தையும் விளிம்பில் பிடித்துப் பிடித்து மாற்றினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய் மைலோ, இருவது வருஷமா இந்தக் கழுகு ஜெயில்ல இருந்துச்சுடா" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும், கசிவது வெள்ளியை அரிக்கும் என்பது அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. பின்னாளில் பத்திரிகைகளில் எழுதினார்கள். நானும் படித்தேன். என் நாணயங்கள் அட்டையில் இருந்ததால் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். லவெர்னின் நினைப்பே எனக்கு வரவில்லை. இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்று நான்கில் அவன் கண் போக ஆரம்பித்தது. முழுதாகப் போகவில்லை. நடுப்பார்வை மட்டும் போனது. என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டியிருக்கும்போது சொன்னான். "நடுவுல ஒரு அழுக்கு நிக்குதுடா. எழுத்து தெரியுது. விளிம்பு தெரியுது. சூரியன் கொஞ்சம் தெரியுது. அவ மட்டும் இல்ல."

காது ஓரம் வெட்டவா என்று கேட்டேன்.

அதன்பிறகு அவன் அந்தத் தாள்களைக் கோத்துவைத்த ஆல்பத்தை எடுக்கவில்லை. முன்னறையில், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டிய மேஜையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொண்டான். அந்தச் சங்கிலியில் அதுவரை சிலுவை மட்டும்தான் இருந்தது. எங்கள் கிளப் வருஷாவருஷம் நடத்தும் கண்காட்சிக்கு வருவான், ஓரமாக உட்காருவான், போய்விடுவான். நான்கு வருஷம் அப்படி ஓடியது. தொண்ணூற்றெட்டு அக்டோபரில் நான்தான் நச்சரித்தேன். இந்த வருஷம் உன் அரை டாலர்களை முதல் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், நீ பார்க்காவிட்டால் போகிறது, ஊர் பார்க்கட்டும் என்றேன். சம்மதித்தான். புதன்கிழமை எனக்குக் கடை விடுமுறை. அன்று மத்தியானம் போனேன்.

ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனே திறந்தான். திறந்ததும் புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. தாளில் எண்ணெய் பூத்திருந்தது. பச்சை. பாசி நிறத்தில் பிசுபிசுவென்று ஒவ்வொரு நாணயத்தின் மேலும் படலம். சிலதில் லேசாக, சிலதில் கொப்புளம்போல. இருபத்தொன்று டென்வரில் அவள் பாவாடை ஓரத்தில் ஒரு பொட்டு. கை தப்பித்திருந்தது. முகம் தப்பித்திருந்தது. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

"எப்பிடிடா இருக்கா?" என்றான்.

"அப்பிடியேதான் இருக்கா" என்றேன்.

"சும்மா சொல்லாத. ஒண்ணொண்ணாச் சொல்லு."

சொன்னேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஐம்பது வருஷம் அவன் சொல்லி நான் காதில் வாங்காமல் இருந்ததாக நினைத்தேனே, அதெல்லாம் உள்ளே இறங்கியிருந்தது. கொடியின் மடிப்பு, தோளில் விழும் வெளிச்சம், இலைக்கொத்தில் ஓக் எது லாரல் எது, கட்டைவிரல் நகம். ஒரு பச்சைக்குப்பையைப் பார்த்துக்கொண்டு அவ்வளவையும் சொன்னேன். லவெர்ன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முகம் மலர்ந்து, வாய்விட்டுச் சிரித்தான்.

"கண்காட்சிக்கு வேணாண்டா. நீ வாரம் ஒரு நாள் வந்து இப்பிடிச் சொல்லு. எனக்கு அது போதும்" என்றான்.

சமையலறைக்குப் போய், பச்சை ஏறியிருப்பதை ஆர்லிஸிடம் சொன்னேன்.

"தொடச்சாப் போகாதா?" என்றாள்.

"அசிட்டோன்ல ஊறவெச்சா பச்ச போயிடும். அரிக்காம இருந்தா நாணயம் தப்பிச்சிடும். ஆனா சீக்கிரம் செய்யணும். அவன் மடிய விட்டு அது எறங்காது ஆர்லிஸ். சொல்லாம எடுக்க முடியாது."

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "உள்ள அவர் சிரிச்சது கேட்டுதா? நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறேன். சொல்லாத மைலோ. கண்ணுதான் போச்சு, இதுவாவது இருக்கட்டும்."

எனக்கு அது வசதியாக இருந்தது. அவள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் புதன்கிழமை தவறாமல் போனேன். வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். அறை கதகதவென்றிருக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தச் சூட்டைவிடக் கெடுதல் வேறில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் பச்சை கொஞ்சம் நகர்ந்திருக்கும். பாவாடையிலிருந்து இடுப்புக்கு. இடுப்பிலிருந்து இலைக்கொத்துக்கு. நான் சொல்வதோ வாரத்துக்கு வாரம் மெருகேறிக்கொண்டே போனது. பிப்ரவரியில் ஒருநாள், "இருவத்தொண்ணு டென்வர். கை எப்பிடி இருக்கு?" என்றான். கை இருந்த இடத்தில் பச்சைக் கட்டிதான் இருந்தது.

"பிரமாதமா இருக்குடா. வெரல் தனியாத் தெரியுது."

"நீ சொல்றப்போ நான் பாத்ததவிட நல்லாத் தெரியுதுடா" என்றான் லவெர்ன்.

மார்ச் மாதம். ஆர்லிஸ் பிளம் ஜாம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியை ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு ஆல்பத்தைத் திறந்தோம். தாளைத் திருப்பிய லவெர்ன் விரலை விரலோடு தேய்த்தான். "என்னடா இது, பிசுபிசுங்குது?"

"ஜாமுடா. கைய நல்லாக் கழுவு மொதல்ல."

அவன் பதறிவிட்டான். ஐம்பது வருஷத்தில் அழுக்குக் கையோடு ஆல்பத்தைத் தொட்டதே இல்லை. "அய்யய்யோ, நாணயத்துல பட்டுச்சா? பாருடா, பட்டுச்சா?" என்று எழுந்தான். தட்டுத் தடுமாறி, கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டு குழாயடிக்குப் போய் மூன்றுமுறை சோப்புப் போட்டான். என் குற்றத்துக்கு அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். எனக்குச் சீ என்றாகிவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த புதன்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "லவெர்ன், அந்தப் பிளாஸ்டிக் கெட்டுப்போச்சு. நாணயத்துலயெல்லாம் பச்ச ஏறியிருக்கு. போன வாரம் உன் கைல ஒட்டுனது ஜாம் இல்ல."

ஆர்லிஸ் சமையலறை வாசலில் வந்து நின்றாள். லவெர்ன் இழுப்பறையைத் திறந்து ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்தான். பிறகு, "டென்வர எடு" என்று கையை நீட்டினான். பையைக் கீறி எடுத்தேன். அவன் விளிம்பைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் மல்லாக்க வாங்கி, கட்டைவிரலை அவள்மேல் வைத்தான். மெதுவாகத் தேய்த்தான். பச்சை ஒதுங்கி அவன் நகக்கண்ணில் ஏறியது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

"எழுவத்திரெண்டுல நான் வாங்கிக் குடுத்த தாளு. என் தப்புதான். எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அதக் கேக்கல. அப்போ யாருக்குடா தெரியும்? நீ எப்போ பாத்தே?"

"அக்டோபர்ல."

"அப்போ எடுத்துக் கழுவியிருந்தா?"

இங்கேயாவது பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இது தப்பிச்சிருக்கும். இருவத்தொண்ணு மூணுமே தப்பிச்சிருக்கும்."

லவெர்ன் உதட்டுக்குள் எண்ணினான். "இருவத்திரெண்டு புதன்கிழம" என்றான். "இருவத்திரெண்டு புதன்கிழம நீ யாரப் பாத்துடா சொன்னே?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள் ஆர்லிஸ்.

"உனக்கு அவளத் தெரியாது. இவனுக்குத் தெரியும்" என்றான் லவெர்ன்.

நாணயத்தை என் கையில் வைத்துவிட்டு ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அசிட்டோன் டப்பாவோடு போனேன். சமையலறை ஜன்னல்களைத் திறந்துவைத்து, கண்ணாடிக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக ஊறவைத்து எடுத்தேன். வெளியே பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு நாணயம் பிழைத்தது. ஒன்பது போயிற்று, இருபத்தொன்று மூன்றும் அதில் சேர்த்தி. டென்வர் நாணயத்தில் அவள் கை இருந்த இடத்தில் குழி. முகத்தில் அம்மைத் தழும்புபோலப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. கணக்கைச் சொன்னபோது லவெர்ன் முன்னறை நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். "செரி. ரொம்ப நன்றி மைலோ" என்றான். ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவன் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல்முறை. வாசற்படியில் இறங்கி நின்று அழுதேன்.

அவன் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. மாதம் ஒருமுறை ஆர்லிஸ் கொண்டுவந்து விடுவாள். மழை, சோளம் விலை, கால்பந்து எல்லாம் பேசுவான். நாணயம் பேசமாட்டான். நான் ஆரம்பித்தாலும், "ம்" என்பான். ஒரு புதன்கிழமை பழக்கதோஷத்தில் அவன் வீட்டு மணியை அடித்தேன். ஆர்லிஸ் கதவைப் பாதி திறந்து, "தூங்கறாரு" என்றாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த அக்டோபர் கண்காட்சியில் அவன் நாணயங்கள் முதல் பெட்டியில் இருந்தன. கெட்ட ஒன்பதையும் சேர்த்துத்தான் வைக்கவேண்டும் என்று கிளப் தலைவரிடம் சொல்லியனுப்பியிருந்தான். என்னிடம் சொல்லவில்லை. கூட்டம் சற்றுக் குறைந்ததும் அவனும் ஆர்லிஸும் பெட்டி அருகில் வந்தார்கள். அவர்களுக்காக இரண்டு காபி ஊற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றேன். அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பெட்டியின்மேல் கவிழ்ந்து, தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக அந்த டென்வர் நாணயத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொம்பள. கைல முட்டகோஸ் மாதிரி என்னமோ வெச்சிருக்கா" என்றாள்.

"அப்பறம்?"

"மூஞ்சி சரியாயில்ல. அம்ம போட்ட மாதிரி இருக்கு. கை இருக்கற எடத்துல குழி."

"எவ்ளோ பெருசு?"

"கசகசா அளவு இருக்கும். இரு... ரெண்டு கசகசா."

"காலு?"

"காலு நல்லாத்தான் இருக்கு. செருப்புப் போட்டிருக்கா. இத்தன நாளா நான் வெறுங்காலுன்னு நெனச்சேன்."

லவெர்ன் சிரித்தான். அவள் சொன்னது அத்தனையும் அவனுக்குக் கண்முன்னால் தெரிந்தது. அதை அவன் முகத்தில் பார்த்தேன். அது முட்டைகோஸ் இல்லை, லாரலும் ஓக்கும் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோப்பைகள் கையில் சுட்டன.

"யாரு பின்னாடி?" என்றான்.

"மைலோ. காபி கொண்டாந்திருக்கான்" என்றாள் ஆர்லிஸ்.

"அங்க வெச்சுட்டுப் போகச் சொல்லு" என்றான் லவெர்ன். பிறகு அவள் தோளைப் பற்றிக்கொண்டு பெட்டிப்பக்கம் குனிந்தான். "ம், அடுத்ததச் சொல்லு."